ஓடுமா, ஓடாதா?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரைக்கும் என்று, இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஹட்டன் டவுனில் ஒரு சீடி கடையில் போய் நின்றேன். 2006இல் போனவன் 2008 வரை அங்கேயே நின்றுவிட்டேன். கிட்டத்தட்ட அதே இரண்டு வருஷம்தான் தோஷிபாவும் சோனியும் அடுத்த தலைமுறைப் படத்தட்டு யாருடையது என்று மல்லுக்கட்டினார்கள். தோஷிபா பக்கம் எச்டி டிவிடி, சோனி பக்கம் புளூ-ரே. கொமியூனிகேஷன் கடையில் காசு கொடுத்து அரை மணி நேரம் இன்டர்நெட்டில் உட்காரும்போதெல்லாம் அந்தச் சண்டையைத்தான் ஆவலாகப் படிப்பேன். படித்துவிட்டு வந்து கவுண்டரில் நின்றால், மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி, இது எங்க பிளேயர்ல ஓடுமா?"

படம் தெளிவாக இருக்குமா என்று முதலில் கேட்ட ஆள் யாரும் நினைவில் இல்லை. இரண்டாவது கேள்வியும் அது இல்லை. இரண்டாவது, "ஒரு சீடியில எத்தன படம்?" சீடி என்றால் எல்லாமே சீடிதான். விசிடி, டிவிடி என்று பிரித்துச் சொல்வது கடைக்காரன் வேலை.

சரி, பெரிய இடத்துச் சண்டையை முதலில் பார்த்துவிடுவோம். எச்டி டிவிடியையும் புளூ-ரேயையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. இரண்டும் 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தடிப்பு. இரண்டையும் வாசிப்பது 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். இரண்டிலும் படத்தின் தெளிவு 1080 வரி வரைக்கும் போகும். வித்தியாசம் தட்டுக்குள்ளே இருக்கிறது: படம் பதிந்திருக்கும் படலம் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது. எச்டி டிவிடியில் அது சாதாரண டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் உள்ளே, நட்ட நடுவில். புளூ-ரேயில் மேற்பரப்புக்குக் கீழே வெறும் 0.1 மில்லிமீட்டர்.

இந்த அரை மில்லிமீட்டருக்காகத்தான் இவ்வளவு அடிதடி. தோஷிபா சொன்ன நியாயம் எங்கள் கடை முதலாளிக்கே புரிந்திருக்கும்: இருக்கிற டிவிடி தொழிற்சாலையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும், புது மெஷினுக்குக் கொட்ட வேண்டாம், தட்டும் மலிவாக வரும். படலம் மேலே இருந்தால் லேசரை இன்னும் சின்னப் புள்ளியாகக் குவிக்கலாம், அதனால் நிறைய ஏற்றலாம் என்பது சோனியின் நியாயம். ஒரு படலத்தில் புளூ-ரே 25 கிகாபைட் பிடித்தது, எச்டி டிவிடி 15. இரண்டு படலம் போட்டால் 50க்கு 30. ஆனால் படலத்துக்கு மேலே மூடி அத்தனை மெல்லிசு என்றால் கீறல் பயம் சும்மா விடுமா? ஆரம்பத்தில் புளூ-ரே தட்டைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துத்தான் விற்றார்கள். டிடிகே கொம்பனி ஒரு கடினப் பூச்சைக் கொண்டுவந்த பிறகுதான் கூடு கழன்றது. சீடியை ரொட்டி மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவைக்கிற எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் கையில் அந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை.

எச்டி டிவிடி 2006 ஏப்ரலில் அமெரிக்கக் கடைக்கு வந்தபோது பிளேயர் 499 டாலர். ஜூனில் வந்த முதல் புளூ-ரே பிளேயர் 999 டாலர். விலையைப் பார்த்தால் தோஷிபாதான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் அந்த நவம்பரில் சோனி பிளேஸ்டேஷன் 3க்குள் புளூ-ரேயை வைத்து விற்றது. கேம் விளையாட வாங்கியவன் வீட்டுக்கெல்லாம் கேட்காமலே புளூ-ரே போய்ச் சேர்ந்தது. படக் கொம்பனிகளும் கட்சி பிரிந்து நின்றன. டிஸ்னி, ஃபொக்ஸ் புளூ-ரே பக்கம். யுனிவர்சல் எச்டி டிவிடி பக்கம். பரமவுண்ட் 2007 ஆகஸ்டில் எச்டி டிவிடி மட்டும்தான் என்று தாவியது. வார்னர் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றுவிட்டு, 2008 ஜனவரி 4ஆம் திகதி புளூ-ரேக்கு வருகிறேன் என்று அறிவித்தது. பிப்ரவரி 19ஆம் திகதி தோஷிபா கடையைக் கட்டியது.

இதில் வாங்குகிறவன் எங்கே இருந்தான்? அமெரிக்காவிலேயே பெரும்பாலான ஆட்கள் கையில் இருந்த டிவிடியோடு ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள். யார் ஜெயிப்பது என்று தெரியாமல் காசைப் போட எவனுக்குப் பைத்தியம்?

எங்கள் பக்கம் வேடிக்கைகூடப் பார்க்கவில்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன். 2006 கடைசியில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளிக்கு எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாளுக்கு 260 ரூபா. அப்போது டாலர் சுமார் 110 ரூபா. அந்த மலிவான 499 டாலர் பிளேயருக்கு ஏறக்குறைய 55,000 ரூபா. இருநூற்றுப் பத்து நாள் கொழுந்து எடுக்க வேண்டும், ஒரு பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) குறையாமல், ஒரு பிடி அரிசி வாங்காமல். அதற்குமேல் எச்டி டிவி வேறு வாங்க வேண்டும். இதற்குப் பெயர் அக்கறையின்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் மலையில் அப்போது நடந்த போட்டி விசிடிக்கும் டிவிடிக்கும்தான்.

விசிடி, அதாவது சாதாரண சீடியில் படம் பதிந்தது, 1993இல் வந்தது. 352க்கு 288 புள்ளி. டிவிடி 720க்கு 576, அதாவது நான்கு மடங்கு. காகிதத்தில் பார்த்தால் பேச்சே இல்லை. ஆனால் பார்ப்பது எங்கே? லயத்துக் காம்பராவில், அதாவது ஒற்றை அறையில், 14 அங்குல டிவி. மூலையில் பலகை அடித்து, பிள்ளைகள் கை படாத உயரத்தில் இருக்கும். உள்ளே எட்டுப் பேர், இஸ்தோப்பில் (வாசல் தாழ்வாரம்) நாலு பேர். அந்த டிவியில் வழக்கமாக வருவது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோபுரத்திலிருந்து தட்டுத்தடுமாறி வரும் படம். மூங்கில் கம்பத்தில் அன்டெனாவைக் கட்டி, ஒருத்தர் வெளியே நின்று திருப்ப, உள்ளே இருந்து "ஆங், அங்கயே வையி" என்று கத்திப் பெற்ற படம். ஒரு முகத்துக்கு இரண்டு நிழல் விழும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு விசிடியே கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்கு மேல் நான்கு மடங்கு தெளிவு என்று நான் சொன்னால், பாவம் பையன் வியாபாரம் பேசுகிறான் என்று சிரிப்பார்கள்.

டிவிடி ஜெயித்தது வேறு காரணத்துக்கு. ஒரு விசிடியில் 74 நிமிஷம்தான் அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, சில படத்துக்கு மூன்று. வாடகைக்குக் கொடுத்தால் திரும்பி வரும்போது ஒன்று குறையும், இல்லாவிட்டால் வேறு படத்தின் இரண்டாம் தட்டு உறைக்குள் இருக்கும். டிவிடியில் முழுப் படமும் ஒரே தட்டு. அப்புறம் தெளிவைக் குறைத்து மூன்று, நாலு படத்தை ஒரே தட்டில் அடைக்கத் தொடங்கினார்கள். அவ்வளவுதான், 10ஆம் திகதி சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள். நான்கு மடங்கு தெளிவை எடுத்துப் போட்டுவிட்டு நான்கு மடங்கு படத்தை வாங்கிக்கொண்டார்கள். இதற்காகவா இத்தனை பொறியியல் என்று டிவிடியை வகுத்தவர்கள் நொந்துபோவார்கள்.

எல்லாமே கொப்பிதான் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டில் இருந்தது. கடையில் ஒரிஜினல் தட்டு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது.

விசிடியை நான் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. கீறல். திரும்பி வந்த தட்டை டியூப்லைட்டுக்குச் சரித்துப் பிடித்து, வாயால் ஊதி, சட்டை ஓரத்தால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துப் பார்ப்பது என் வேலை. கீறல் விழுந்த விசிடி கட்டம் கட்டமாக வரும், சத்தம் இழுக்கும், ஆனால் எப்படியோ நொண்டிக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போய்விடும். டிவிடி அப்படியே உறைந்து நிற்கும். கதாநாயகன் கையை ஓங்கியபடி நிற்பான், ரிமோட்டில் எதை அமுக்கினாலும் அசையமாட்டான். ஒரே அகலத் தட்டில் ஏழு மடங்கு ஏற்றியிருக்கிறார்கள் அல்லவா, அதே நீளக் கீறல் அங்கே ஏழு மடங்கு ஆட்களை வெட்டுகிறது. லேசான கீறலுக்குப் பற்பசை தேய்ப்போம். சிரிக்காதீர்கள், பாதித் தடவை வேலை செய்யும். ஆனால் விசிடிக்கு முதுகுதான் பலவீனம். படலம் லேபலுக்கு நேர் கீழே கிடக்கிறது. பிள்ளைகள் போல்பேனாவால் அழுத்திப் படத்தின் பெயரை எழுதினால் முடிந்தது கதை, பற்பசை காப்பாற்றாது. டிவிடியில் படலம் நடுவில் பத்திரமாக இருப்பதால் முதுகில் எழுதினாலும் தப்பித்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் எச்டி டிவிடியும் அப்படித்தான் என்பதால், பார்க்காமலே எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் இருந்தது.

பார்க்கவும் ஒரு நாள் வந்தது. எங்கள் மாமா கொழும்பில் ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டில் சமையல் வேலை. அவர் ஊரைவிட்டுப் போகும்போது, வேண்டாத சாமான்களோடு மாமாவுக்கு ஒரு எச்டி டிவிடி பிளேயரையும் மூன்று தட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அது 2009. தோஷிபா கைகழுவி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மாமாவுக்கு அது தெரியாது, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். அமெரிக்கப் பிளேயர், 120 வோல்ட். டவுனில் ஒரு டிரான்ஸ்ஃபோமர் தேடி வாங்கினோம். எங்கள் வீட்டு 21 அங்குல டிவியில் இருந்தது மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துவாரம் மட்டும். சரி என்று மஞ்சள் வயரைக் குத்திப் போட்டோம்.

படம் வந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் டிவிடியில் பார்ப்பது போலவேதான் இருந்தது. அந்த மஞ்சள் வயரில் 1080 வரி போகாது. பிளேயரே படத்தைச் சுருக்கிப் பழைய டிவிக்கு ஏற்ற மாதிரி அனுப்புகிறது. நான் டிவிக்கு முக்கால் அடி தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு எதிர்காலத்தைத் தேடினேன். அம்மா பின்னால் இருந்து, "என்னடா, இங்கிலீஸ் படம்தானா? தமிழ்ப்படம் ஓடாதா?" என்றார். மாமா என்னைப் பார்த்தார். இந்த மூன்றைத் தவிர இனி இதற்குப் புதுப்படமே வராது மாமா என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்தப் பிளேயர் நல்ல கனம், தட்டையான உடம்பு. இப்போது அதன் மேல்தான் பென்டிரைவ் குத்துகிற சின்ன டிவிடி பிளேயர் உட்கார்ந்திருக்கிறது.

ஜெயித்த புளூ-ரேயை எங்கள் டவுனில் யார் வீட்டிலும் நான் பார்த்ததில்லை. அது மலையேறி வருவதற்குள் போனில் மெமரி சிப் வந்துவிட்டது. கடைக்குப் போய்ச் சிப்பைக் கழற்றிக் கொடுத்தால் படம் ஏற்றித் தருவார்கள். ஓடுமா என்ற கேள்வி அங்கேயும் முதலில் வந்தது.

கடைசியாக, எங்கள் வீட்டிலேயே நடந்த ஒப்பீடு. 2007இல் அக்காவின் கல்யாணம். வீடியோக்காரர் ஒரு டிவிடி கொடுத்தார். அது எங்கள் பிளேயரில் ஓடவில்லை. எழுதுகிற டிவிடியிலும் இரண்டு கட்சி உண்டு. மைனஸ் ஒன்று, பிளஸ் ஒன்று. எங்கள் பழைய பிளேயர் பிளஸ் தட்டைத் தொடவே தொடாது. திரும்பப் போய்ச் சண்டை போட்டு, அதே கல்யாணத்தை மூன்று விசிடியாக எழுதி வாங்கி வந்தேன். கௌரவத்துக்கு டிவிடியையும் வைத்துக்கொண்டோம். பிறகு வாங்கிய பிளேயர் அதைச் சில வருஷம் அழகாக ஓட்டியது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு எந்தப் பிளேயரிலும் வாசிக்கவில்லை, சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. விசிடி மூன்றும் இன்னும் ஓடுகின்றன. இரண்டாம் தட்டில் தாலி கட்டுகிற இடத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடையும். அந்த இடம் நெருங்கும்போது அம்மா ரிமோட்டை யார் கையிலும் கொடுக்கமாட்டார். தானே பிடித்துக்கொண்டு, உடைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, மாலை மாற்றுகிற இடத்துக்குத் தள்ளிவிடுவார்.