செலவை வெட்டினால் கடன் குறையுமா, வரியைக் கூட்டினால் குறையுமா?

அரசாங்கம் கையைச் சுருக்கினால் கடன் இறங்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டின் கடனை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இத்தனை வீதம் என்றுதான் அளக்கிறோம். அரசின் செலவு யாரோ ஒருவரின் வருமானம் என்பதால், கையைச் சுருக்கும்போது கடனோடு சேர்ந்து உற்பத்தியும் இறங்கும். இரண்டில் எது வேகமாக இறங்குகிறது என்று பார்க்காமல் எந்த வழியையும் நல்லது என்று சொல்ல முடியாது.

சின்னக் கணக்கு ஒன்று. கடன் 100 ரூபா, உற்பத்தியும் 100 ரூபா, அதில் பத்தில் ஒன்று வரியாக வருகிறது. அரசு 3 ரூபா செலவை வெட்டுகிறது. வெட்டிய ரூபாவுக்கு 50 சதம் வீதம் உற்பத்தி சரிந்தால், உற்பத்தி 98.5, வரி இழப்பையும் சேர்த்துக் கடன் 97.15. கடன் வீதம் 98.6க்கு இறங்குகிறது. அதே ரூபாவுக்கு ஒன்றரை ரூபா சரிந்தால், உற்பத்தி 95.5, கடன் 97.45. வீதம் 102! வெட்டியதும் வீண், சுமையும் கூடிவிட்டது.

கிரேக்கத்தில் நடந்தது இந்த இரண்டாவது கணக்குத்தான். 2009இல் 127 வீதமளவில் இருந்த கடன், கடுமையான வெட்டுகளுக்குப் பிறகு 2011இல் 170ஐத் தாண்டியது. 2013க்குள் பொருளாதாரத்தில் நான்கில் ஒரு பங்கு கரைந்துபோனது. ஐரோப்பிய வெட்டுகளின் பாதிப்பைக் குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள் என்று, சர்வதேச நாணய நிதியத்தின் பொருளியலாளர்களான ஒலிவியே பிளாஞ்சாரும் டேனியல் லீயும் 2013 ஜனவரியில் கணக்கோடு காட்டினார்கள்.

சரி, இலங்கைக்கு வருவோம். இங்கே முதலில் கண்ணில் பட்ட வழி மானிய வெட்டு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அடக்க விலைக்குக் கீழே விற்று அரச கூட்டுத்தாபனம் நட்டப்படுவதை நிறுத்த வேண்டியிருந்தது உண்மை. ஆனால் யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகரிலும் பாஷையூரிலும் சின்னப் படகுகளின் எஞ்சின் ஓடுவது அந்த எண்ணெயில்தான். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினும் அப்படியே. எண்ணெய்க் காசு ஏறக்குறைய நான்கு மடங்கானால், பிடிபடும் மீன் செலவைக் கட்டாத நாளில் படகு கரையிலேயே கிடக்கும். பிடிபடாத அந்த மீன் நாட்டின் உற்பத்தியிலும் இல்லை, சந்தையிலும் இல்லை. இந்த வெட்டை எதிர்க்கவில்லை. ஒரே நாளில் முழு விலையையும் ஏற்றிவிட்டுத் தொழிலாளிக்கு நேரடி உதவியைப் பிறகு யோசித்த முறையைத்தான் எதிர்க்கிறேன்.

அடுத்தது மூலதனச் செலவு வெட்டு, அதாவது வீதி, துறைமுகம் போன்ற வேலைகளை நிறுத்துவது. என் பார்வையில் மிக மோசமானது இதுதான். யாருடைய சம்பளமும் குறையாது, யாரும் வீதிக்கு இறங்கமாட்டார்கள் என்பதால் எல்லா அரசாங்கத்துக்கும் இது சுலபம். 2024இல் இலங்கையின் முதன்மை மிகை, அதாவது வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் தொகை, உற்பத்தியில் 2.2 வீதம். அதில் ஒரு பங்கு, மூலதன வேலைகளுக்கு ஒதுக்கிய பணம் முழுதாகச் செலவாகாததால் வந்தது. போர் தின்ற வடக்குக்கு வீதியும் துறைமுகமும் குளிரூட்டிய களஞ்சியமும் நாளைய வருமானம். அதை இன்று நிறுத்தினால் இந்த வருடக் கணக்கு அழகாகும், பத்து வருடம் கழித்து உற்பத்தி மெலியும்.

வரிப் பக்கம் பார்த்தால், 2021இல் அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் 70க்கு மேல் வட்டிக்கே போனது. செலவை எவ்வளவு வெட்டினாலும் அந்த ஓட்டை அடைபடாது. 2019 இறுதியில் 15இலிருந்து 8 வீதமாகக் குறைத்த வற் வரி (பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டும் வரி), 2024 ஜனவரியில் 18 ஆனது. அரச வருமானம் 2022இல் உற்பத்தியில் 8 வீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது, 2024இல் 13ஐயும் தாண்டியது. வேகம் என்றால் வற் வரிக்கு இணை இல்லை. ஆனால் கூலித் தொழிலாளியும் மாளிகைக்காரரும் சவர்க்காரத்துக்கு ஒரே வரி கட்டுகிறார்கள். வருமான வரி அதைவிட நியாயமானது. என்றாலும் 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் வாங்குவோருக்கு 36 வீதம் வரை ஏற்றியபோது சுமை விழுந்தது சம்பளப் பட்டியலில் அகப்பட்டவர்கள் மேல்தான். வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் விமானம் ஏறியதில் இதற்கும் பங்குண்டு. சொத்து வரியோ தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

ஜமைக்கா வேறு கதை. 2013இல் 140 வீதத்துக்கு மேல் இருந்த கடன், 2020க்கு முன்பே 100க்குக் கீழ் வந்தது. வருடா வருடம் 7 வீதமளவு முதன்மை மிகை வைத்தார்கள். வளர்ச்சி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் முதலில் உள்நாட்டுக் கடனின் வட்டியைக் குறைத்துக்கொண்டார்கள், தொழிற்சங்கங்களோடு சம்பள உடன்பாடு செய்தார்கள், அரசுக்கு வெளியே உள்ளவர்களும் அமர்ந்த குழு ஒன்று இலக்குகளைக் கண்காணித்தது. ஆட்சி மாறியும் திட்டம் மாறவில்லை.

இங்கே 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த ரூபாக் கடன் பத்திரங்களைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியைத் தொட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் இருபது வருடம் நின்ற பெண்ணின் ஓய்வுகாலக் காசும் அதில்தான் இருக்கிறது.

2028இலிருந்து பிற நாட்டு அரசுகளுக்கான கடனின் அசல் தொகையைக் கட்டத் தொடங்க வேண்டும். அதற்குமுன் வரும் ஒவ்வொரு பாதீட்டிலும் நான் முதலில் தேடுவது இரண்டு எண்களை: மூலதனச் செலவு எவ்வளவு, அரச வருமானத்தில் வருமான வரி, சொத்து வரி போன்ற நேரடி வரியின் பங்கு எவ்வளவு. இரண்டும் ஏறினால் இறுக்கம் தாங்கக்கூடியது. முதலாவது இறங்கி வற் வரி மட்டும் ஏறினால், 2032க்குள் கடனை 95 வீதத்துக்குக் கீழ் இறக்கும் இலக்கை எட்டினாலும் அதன் விலையைக் கட்டுவது குருநகர்ப் படகுக்காரர்தான்.