கடலைப் பார்த்த அறையா, சந்துக்குள் ஒரு வீடா?

ஒருமுறை 'கடல் தெரியும் அறை' என்பதை நம்பிப் பதிவு செய்தேன். கடல் தெரியத்தான் செய்தது. குளியலறை ஜன்னலோரம் எக்கி நின்று இடது பக்கம் கழுத்தை நீட்டினால், இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்கு நீலம். கடலைப் பார்த்த அறை வேறு, கடல் தெரியும் அறை வேறு, கடலோர ஓட்டல் என்பது முற்றிலும் வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பெரிய பணக்காரர்கள் வந்து போகிற அமைதியான கடலோரக் கிராமங்களில், இந்த மூன்றுக்கும் இடையே வாடகை ஏணி வைத்தாலும் எட்டாது.

சரி, உண்மையாகவே கடலைப் பார்த்த அறை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். காலையில் கண் விழித்ததும் கடல், படுக்கும்வரை கடல். முதல் நாள் சொர்க்கம்தான். ஆனால் பகலில் நிலம் சீக்கிரம் சூடாகி அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். வெயில் அடிக்கிற நாளில் பிற்பகலில்தான் அதன் வேகம் அதிகம். அதாவது பால்கனியில் புத்தகத்தோடு உட்காரலாம் என்று நீங்கள் நினைக்கிற அதே நேரம். மூக்குக்கண்ணாடியை அங்கே மேசையில் வைத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால், அதன் மேல் மெல்லிய உப்புப் படலம் படிந்திருக்கும். துணியால் துடைத்தால் இழுவிக்கொண்டே போகும், கழுவினால்தான் விடும். ராத்திரி அலைச் சத்தம் தாலாட்டாக இருப்பவர்களும் உண்டு, கதவிடுக்கில் காற்று விசிலடிப்பதை விடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

ஊருக்குள் இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீடு எடுத்தால், முன்னால் இருக்கிற வீடுகளே காற்றைத் தடுத்துவிடும். ஈரத் துணியைக் காயப்போடக் கொடி இருக்கும். நினைத்த நேரத்தில் சமைக்கலாம், மணல் காலோடு வரவேற்பறையைக் கடக்கும் கூச்சம் இல்லை. இரண்டாம் நாளே அந்தத் தெருப் பூனை உங்களைத் தெரிந்துவைத்திருக்கும். ஆனால் குழாய் ஒழுகினால் கூப்பிட்ட குரலுக்கு வர ஆள் இருக்காது. கிளம்பும் நாளில் பாத்திரம் கழுவி, குப்பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் சீசனில் ஒரு வாரத்துக்குக் குறைவாக வீடு தர மாட்டார்கள்.

பெட்டிகளையும் மறக்கக் கூடாது. இந்த மாதிரி ஊர்களின் அழகே வண்டி நுழையாத சந்துகள்தான். இங்கிலாந்தின் கிளோவெல்லியில் கல் பாவிய செங்குத்தான ஒரே தெரு. அதில் வண்டி போகாது, சாமான்களைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துத்தான் இறக்குகிறார்கள். படத்தில் பார்க்க அழகு, முட்டி வலிக்காரருக்குத் தண்டனை. 'வண்டி நிற்கிற இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி?' என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

என் கணக்கு இதுதான்: மூன்று ராத்திரிவரை என்றால் ஓட்டல், அதற்கு மேல் என்றால் வீடு.

எங்கே தங்குவது என்பதைவிட எப்போது போவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உச்ச சீசனில் போனால் அமைதியான ஊர் என்பது பெயரளவில்தான். இத்தாலியின் போர்ட்டோஃபினோவில் படம் எடுக்க நிற்கிற கூட்டம் தாங்காமல், 2023-இல் சில இடங்களில் நின்று தேங்குவதற்கே தடை போட்டு, மீறினால் 275 யூரோவரை அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த நெரிசலில் எந்த விலையுயர்ந்த அறை எடுத்து என்ன?

சீசன் முடிந்த முதல் இரண்டு மூன்று வாரங்கள்தான் என் தேர்வு. தண்ணீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும். வடக்கு மிதவெப்ப நாடுகளில் மிக நீண்ட பகல் ஜூன் 21 வாக்கில் வந்தாலும், கடல் நன்றாக வெதுவெதுப்பாவது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில்தான். கூட்டம் போயிருக்கும், குளிக்கத் தண்ணீர் இதமாக இருக்கும். மழையும் புயலும் பருவம் பார்த்து வருகிற வெப்ப நாடுகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே சீசன் முடிந்தது என்றாலே வானம் பொத்துக்கொண்டது என்றும் அர்த்தம் இருக்கலாம்.

இதிலும் இரண்டு ஓட்டைகள். சீசன் முடிந்ததும் பல கடற்கரைகளில் உயிர்காப்பாளர்களை எடுத்துவிடுவார்கள். 'இங்கே குளிக்கலாம்' என்று காட்டுகிற சிவப்பு-மஞ்சள் கொடிகள் இல்லாத நாளில், குழந்தைகளோடு இறங்க எனக்குத் தைரியம் வராது. இரண்டாவது, ரொம்பத் தள்ளிப் போனால் ஊரே இருட்டு. வசதியானவர்கள் விடுமுறைக்காக வாங்கிப் போட்ட வீடுகள் பூட்டிக் கிடக்க, கடைகளும் மூடிவிடும். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் இது பொறுக்காமல், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று 2016-இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள்.

அப்புறம் கடற்கரை. விளம்பரப் படத்தில் அரை மைலுக்கு விரிந்து கிடக்கிற மணல், கடல் வற்றிய நேரத்தில் எடுத்ததாக இருக்கலாம். பெரும்பாலான கரைகளில் கடல் ஒருமுறை ஏறி வற்றி, அடுத்த ஏற்றம் வரச் சுமார் 12 மணி நேரம் 25 நிமிடம் ஆகும், அதனால் ஏற்ற நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் இன்னும் கூடும். மத்திய தரைக்கடலின் பெரும்பாலான கரைகளில் வித்தியாசம் அரை மீட்டர்கூட இராது, கவலையில்லை. கனடாவின் ஃபண்டி வளைகுடாவிலோ 16 மீட்டர்வரை போகும். விரிப்பு போட்ட இடத்துக்கு மேலே கடல்! கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்கிற ஓத அட்டவணையைப் போகிற தேதிக்குப் பார்த்துவிட்டுத்தான் நான் நாளையே குறிக்கிறேன்.

கிழக்குப் பார்த்த கரையா, மேற்குப் பார்த்த கரையா என்று கேட்பார்கள். கிழக்கில் சூரியன் கடலிலிருந்து எழும், மேற்கில் கடலுக்குள் இறங்கும். விடுமுறையிலும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பவர் உங்கள் வீட்டில் யாராவது உண்டா? எங்கள் வீட்டில் இல்லை. நாங்கள் மேற்குக் கரைக்குப் போகிறோம்.