ஆம்ப் அடங்கியது, பெட்டி முனகுகிறது

சுவர் மின்சாரத்தைச் சுத்தப்படுத்தி ஆடியோ கருவிகளுக்குத் தரும் பெட்டியான என் பவர் கண்டிஷனர் ரிப்பேர் முடிந்து போன வாரம் திரும்பி வந்தது. அது இல்லாத நாட்களில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), டாக் (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி), ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிள் எல்லாவற்றையும் நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அதே அறையில், அதே பாட்டுகளை வைத்துப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு இதுவரை அமையவில்லை. வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னுடைய பெட்டிக்குள் இருப்பது 1000 வி.ஏ. டொராய்டல், அதாவது வளைய வடிவ இரும்புக் கோரில் சுற்றிய, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். கூடவே வழக்கமான ஃபில்டர், திடீரென்று எகிறும் வோல்டேஜைத் (சர்ஜ்) தடுக்க எம்.ஓ.வி. என்ற பாகம். எனக்குப் பேச இருப்பது அதன் முனகலைப் பற்றித்தான்.

அமைதிக்காக வாங்கிய பெட்டி, தானே ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது. ஸ்பீக்கரில் அல்ல, பெட்டியின் உடம்பிலிருந்தே. மேல் தகட்டில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரும்புக் கோர் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நுணுக்கமாக நீண்டு சுருங்குவதால் சத்தம் 100 ஹெர்ட்ஸில் வரும். பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில், பக்கத்தில் யாரோ வேறு சுருதியில் தம்புரா மீட்டுவதுபோல அது நுழைந்துவிடும்.

எப்போதும் முனகினாலாவது பழகிப்போகும். இது நினைத்தால் முனகும், நினைத்தால் அடங்கும். சர்வீஸ் ஆள் வந்து நின்றால் கப்சிப். “ஸ்பெக்குக்குள்ளதான் சார் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மகளின் ஹேர் டிரையர். பாதிச் சூட்டில் வைத்தால் பெட்டி முனகும், முழுச் சூட்டுக்குத் தள்ளினால் நின்றுவிடும். நான் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு “இப்போ ஃபுல்ல வை, இப்போ பாதியில வை” என்று கத்த, “அப்பா, என் தலை காயணுமா வேண்டாமா?” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பல டிரையர்களில் பாதிச் சூடு என்பது உள்ளே ஒரு டையோடை, அதாவது கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகத்தை, சேர்ப்பதுதான். மின் அலையின் ஒரு பாதியில் மட்டும் அது கரண்ட் இழுக்கும். அதனால் அந்தப் பாதியில் மட்டும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். விளைவு, வீட்டு லைனின் ஏ.சி.யில் சிறிது டி.சி. (ஒரே திசை மின்சாரம்) கலந்துவிடும். E, I வடிவத் தகடுகளை அடுக்கிய சாதாரண இ.ஐ. கோரில் இயல்பாகவே சின்னச் சின்ன இடைவெளிகள் இருப்பதால் அது இதைத் தாங்கிக்கொள்ளும். டொராய்டலில் இடைவெளியே கிடையாது. அரை வோல்ட்கூட வேண்டாம், கோர் ஒரு பக்கமாகக் காந்தத்தால் நிரம்பி முனகத் தொடங்கிவிடும்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். பெட்டி ரிப்பேருக்குப் போன பிறகு, டிரையர் ஓடும்போது என் பவர் ஆம்ப் முனகியது. அதற்குள்ளும் பெரிய டொராய்டல்தானே! டிரான்ஸ்ஃபார்மர் டி.சி.யைக் கடத்தாது. ஆகவே இத்தனை நாளும் ஆம்புக்கு வர வேண்டிய தொல்லையைப் பெட்டி தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது. அதன் வேலையை அது சரியாகத்தான் செய்கிறது, சத்தம் போட்டுக்கொண்டே செய்கிறது.

இங்கேதான் கோபம் வருகிறது. இதற்கு மருந்து டி.சி. பிளாக்கர். இரண்டு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், குறுக்கே ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர், அவ்வளவுதான். பெட்டியின் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. முகப்பில் அறையையே நீலமாக்கும் வோல்ட் மீட்டருக்குச் செலவு செய்தவர்களுக்கு இதைப் போட மனசு வரவில்லை. தனியாக வாங்கி முன்னால் மாட்டலாம்தான். கண்டிஷனருக்கே ஒரு கண்டிஷனர்!

மற்றபடி, குறை சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. ஃபிரிட்ஜ் அணையும்போது போனோவில், அதாவது டர்ன்டேபிளில் ரெக்கார்டு கேட்கும்போது, ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பெட்டி வந்த நாளிலிருந்து அது இல்லை. பெட்டி ரிப்பேருக்குப் போய் நேரடியாகச் செருகியதும் அந்த ‘டப்’ முதல் ரெக்கார்டிலேயே திரும்பிவிட்டது. இந்த ஒன்றுக்காகவே பெட்டியைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஒலி தெளிவானதைச் சொல்ல, திரை விலகியது, மேடை விரிந்தது என்றெல்லாம் எழுதுவார்களே, அதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை. பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குரல் அதே குரல்தான். சத்தமாக வைக்கும்போது நேரடி இணைப்பில் டிரம்ஸின் அடி கொஞ்சம் திடமாக இருந்ததுபோலத் தோன்றியது. ஆம்ப் அலையின் உச்சியில் மட்டும் சட்டென்று கரண்டை உறிஞ்சும், நடுவில் இருக்கும் பெட்டியின் சுருள்கள் அதற்குக் கொஞ்சம் தடைபோடும் என்பது உண்மை. ஆனால் அடித்துச் சொல்லுமளவு வித்தியாசம் இல்லை.

இது ஸ்டெபிலைசரும் இல்லை. உள்ளே 200 வோல்ட் வந்தால் வெளியேயும் கிட்டத்தட்ட அதுதான். வோல்டேஜ்தான் பிரச்சினை என்றால், மோட்டார் வைத்துச் சீராகச் சரிசெய்யும் சர்வோ ஸ்டெபிலைசர் பக்கம் போங்கள். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வகை ஸ்டெபிலைசர் படிப்படியாகத் தாவும், ‘டக் டக்’ என்ற சத்தம் வேறு. ஆன்லைன் யு.பி.எஸ். என்றால் ஃபேன் ஓசையோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

ஸ்பீக்கரிலேயே ஹம் வருகிறதா? பெரும்பாலும் அது கிரவுண்ட் லூப்தான், அதாவது இரண்டு வழியாக எர்த் ஆன கருவிகளுக்கிடையே ஒயர்களில் ஓடும் கரண்ட். டி.வி.யின் கேபிள் ஒயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், நின்றுவிட்டால் எந்தக் கண்டிஷனரும் வேண்டாம், கேபிளுக்கு ஒரு ஐசொலேட்டர் போதும். எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். ஒருநாள் ஆம்பின் உடம்பில் கரண்ட் ஏறினால் அது போக வேறு வழி இருக்காது.

ரிப்பேருக்குப் போன கதையும் இதேபோல்தான். ஆன் செய்யும் நொடியில் டொராய்டல் இழுக்கும் கரண்டில் வீட்டின் எம்.சி.பி. (அதிகக் கரண்டில் தானே அணையும் ஸ்விட்ச்) விழாமல் இருக்க, ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாகத் தொடங்கி, பிறகு ஒரு ரிலே அதைத் தாண்டிவிடும். அந்த ரிலே ஒருநாள் ஒட்டவில்லை. ரெசிஸ்டர் கொதித்து, தெர்மல் ஃப்யூஸ் போய்விட்டது. பாதுகாப்பு சரியாக வேலை செய்தது, பாராட்டலாம். ஒரு ரிலேக்காக வாரக்கணக்கில் உட்கார்த்தி வைத்ததை எப்படிப் பாராட்ட? எடுத்துக்கொண்டு போகும்போது, டி.சி. பிளாக்கர் ஒன்றும் சேர்த்துப் போடுங்கள் என்று எழுதியே கொடுத்தேன். போட்ட ரிலே பழைய மாடல்தான், பிளாக்கர் இல்லை, பில்லில் ‘ஹம் சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி.

ஆம்பைக் காப்பாற்றியது, ‘டப்’பை ஒழித்தது, தீப்பிடிக்காமல் தானே அணைந்தது. ஐந்துக்கு நாலு தாராளமாகத் தரலாம். ஆனால் எழுதிக் கேட்டும் பிளாக்கர் போடாததால் இரண்டுதான் தருகிறேன். வாங்காதீர்கள். நல்ல சர்ஜ் புரொடக்டர், ஆம்புக்கு என்று தனி லைன், சரியான எர்த், முனகல் இருந்தால் டி.சி. பிளாக்கர். முதலில் இவற்றைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் ஏதாவது கேட்டால் கண்டிஷனரைப் பற்றி யோசிக்கலாம்.