கியரைக் கழற்றி இரண்டரை வருடம்: மூன்று மில்லிமீட்டர் இடம் இல்லாத கதை

போன வாரம் என் சைக்கிளில், செயின் தொங்காமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனரை இரண்டாவது முறையாக மாற்றினேன். அன்றைக்குப் பார்த்து கோபியிலிருந்து மாப்பிள்ளை ஃபோன் பண்ணி, "உன்னைய மாதிரி நானும் கியரைக் கழட்டிப் போடட்டுமாடா?" என்று கேட்டான். இருந்த எரிச்சலில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அவனுக்கும், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

26 அங்குலச் சக்கரம், முன்னால் 3 பல் சக்கரம், பின்னால் 7, மொத்தம் 21 கியர். பல்லடத்திலிருந்து காரணம்பேட்டைத் தறி செட்டுக்குத் தினமும் போய்வர அதில் மூன்று கியர்தான் பயன்பட்டது. செட்டில் நிறுத்தியிருந்தபோது ஒரு மொபெட் மேலே சாய்ந்து, செயினை ஒரு பல் சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் டீரெய்லரைத் தாங்கும் காது என்கிற உலோகத் துண்டு வளைந்துவிட்டது. நிமிர்த்தியும் கியர் தானாகத் தாவுவது நிற்கவில்லை. மூன்றாவது முறை கடைக்குப் போனபோது, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

முன்னால் நடுவில் இருந்த 38 பல் சக்கரம் மட்டும் மிச்சம். பின்னால் 18 பல்லில் சாதாரண ஒற்றை ஃப்ரீவீல், மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் பல் சக்கரம். பழைய ஏழு கியரும் மரையில் முறுக்குகிற வகை என்பதால் இதுவும் அதே மரையில் ஏறியது. ஆனால் ஒற்றைப் பல் சக்கரம் ஸ்போக் பக்கமாக உள்ளே தள்ளி உட்காரும். அச்சில் வாஷரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றி, ரிம்மைக் கோட்டம் எடுத்து நடுவுக்குக் கொண்டுவந்தால்தான் செயின் நேர்கோட்டில் ஓடும். இதற்குச் சோம்பல்பட்டால் மற்ற எதுவும் சரிவராது.

முதல் நாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். டயர் தார் ரோட்டில் உருளும் சத்தம் மட்டும்தான் கேட்டது. சைக்கிள் இவ்வளவு அமைதியாக ஓடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 4.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 21 கிலோமீட்டர் வேகம் வரும். எனக்கு அது போதும். அப்புறம் பஞ்சுத் தூசு. தறி செட்டில் நிற்கும் சைக்கிளில் எண்ணெய் பட்ட இடமெல்லாம் பஞ்சு அப்பிக்கொள்ளும். முன்பு டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரத்திலும் திரி மாதிரி சுற்றிக் கிடப்பதை ஊசியால் நோண்டி எடுப்பேன். கழற்றியபின் ஒரு பழைய துணியால் செயினை இழுத்துத் துடைத்தால் வேலை முடிந்தது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். காலையில் எனக்கு மேற்கே போகும் வழி. கியரைக் குறைக்க வழியில்லை, எழுந்து நின்று மிதிக்க வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். சாயங்காலம் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடுகிறது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அப்பாவின் 28 அங்குல சைக்கிளில் செயின் தொங்கினால், இரண்டு நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்கிவிடுவார். அதில் அச்சு உட்காரும் காடி பின்பக்கமாகப் படுத்திருக்கும். கியர் சைக்கிளில் அது கீழ்நோக்கி நேராக இருக்கிறது, இழுக்கவே முடியாது. என் அதிர்ஷ்டம், 38க்கும் 18க்கும் செயின் கச்சிதமாக நின்றது. எட்டு மாதத்தில் தளர்ந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். புதுச் செயினில் 24 கண்ணியின் நீளம் சரியாக 12 அங்குலம். என்னுடையது 12 அங்குலத்துக்கு மேல் ஒரு நூலில் பாதி, அதாவது 1/16 அங்குலம் கூடியிருந்தது. நான்கடிச் செயினுக்குக் கால் அங்குலம். செயின் மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் ஓடுவதால், அச்சு அதில் பாதி, வெறும் 3 மில்லிமீட்டர் பின்னால் போனால் சரியாகிவிடும். "இழுக்க எடமே இல்லீங்களே தம்பி" என்றார் கடை அண்ணன்.

அதனால் டென்ஷனர். அதை மாட்டுவது எதில்? அதே வளைந்த காதில். எவ்வளவு நிமிர்த்தினாலும் சற்றே சாய்ந்துதான் நிற்கிறது. செயின் அதன் குட்டிச் சக்கரத்தில் உரசிக்கொண்டே ஓடுகிறது. எந்தச் சத்தம் பிடிக்காமல் கியரைக் கழற்றினேனோ அதே சத்தம், அதே பஞ்சுத் திரி. போன வாரம் எதிர்காற்றில் எழுந்து நின்று அழுத்தியபோது செயின் கழன்றது. முட்டி ஹேண்டில்பாரில் மோதி வீங்கிவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டதால் தப்பித்தேன். புதுச் செயின் போட்டால் மறுபடி எட்டு மாதம் நன்றாக ஓடும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை, குனிந்து உன் பின்சக்கர அச்சு உட்காரும் காடியைப் பார். படுத்திருந்தால் நாளைக்கே கழற்று. ஆனால் நீயும் நானும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவர்கள், உன்னுடையதும் நேராகத்தான் இருக்கும். கீழ்பவானி வாய்க்கால் கரையில் அந்த அமைதியோடு நீ போவதை நினைத்தால் ஆசையாக இருக்கிறது, இருந்தாலும் வேண்டாம். என் கியர் சாமான் எல்லாம் சாக்கில் கட்டி அட்டாலியில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்க்கப் போகிறேன். புதுக் காது ஒன்று கிடைக்குமா என்று அண்ணனிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.