பை தைக்கும் பட்டறைக்கு இந்த கரண்ட் அக்கவுண்ட் சரிப்படுமா?

செக்கின் காலம் போய்விட்டது என்பவர்கள் தாராவியில் தோல் பை விற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். சில்லறைக்கு வாங்குபவர் யூபிஐயில் அனுப்பிவிட்டுப் போகிறார், சரி. தீபாவளிப் பரிசுக்கு லேப்டாப் பை எடுக்கும் கம்பெனிக்காரர்கள் நெஃப்டில், அதாவது வங்கிக்கு வங்கி ஆன்லைனில், போடுகிறார்கள். மொத்தமாக எடுக்கும் கடைக்காரர் மட்டும் சரக்கு ஏறும்போதே 30 நாள், 45 நாள், 60 நாள் தள்ளித் தேதி போட்டு மூன்று செக் கிழித்துத் தருவார். ராணிப்பேட்டையிலிருந்து தோல் அனுப்புகிறவருக்கு நாங்களும் அப்படித்தான் கொடுக்கிறோம். வெட்டுவதும் தைப்பதும் தம்பி வேலை; பணமும் பேப்பரும் என் தலையில். அதனால் ஒரு கரண்ட் அக்கவுண்ட்டை செக்கை வைத்துத்தான் நான் எடைபோடுவேன்.

எங்களுடையது ஒரு தனியார் வங்கியின் சயான் பக்கத்துக் கிளை. பெயர் போடவில்லை. ஒரே வங்கி கிளைக்குக் கிளை வேறு முகம் காட்டும் என்பதால் பெயரைச் சொல்லியும் பெரிய பயன் இல்லை. பான், சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி, பட்டறையின் வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். சந்துக்குள் ஆள் வந்து போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மினிமம் பேலன்ஸ் காலாண்டு சராசரியாக 25,000 ரூபாய். பலர் இதைக் கேட்டதும் தினமும் அவ்வளவு கிடக்க வேண்டும் என்று மிரள்கிறார்கள். சராசரி என்றால் தினசரி இருப்பைக் கூட்டி நாளால் வகுப்பதுதான். 90 நாளில் வெறும் 10 நாள் 2,25,000 ரூபாய் தங்கினாலே கணக்கு சரியாகிவிடும். சீசனில் எங்களுக்கு அது தானாகவே நடக்கிறது. கரண்ட் அக்கவுண்ட்டுக்கு எந்த வங்கியிலும் வட்டி கிடையாது. தேவைக்கு மேல் அதில் பணத்தைத் தூங்கவிடுவதில் அர்த்தம் இல்லை.

செக் புக் நன்றாக இருக்கிறது. எல்லா வங்கியும் கொடுக்கும் சிடிஎஸ்-2010 (செக்கின் படத்தை மட்டும் அனுப்பிப் பணம் மாற்றும் முறை) தரம்தான், ஆனால் இதில் கடையின் பெயர் அச்சாகி வருகிறது, அடிக்கட்டையில் தேதி, பார்ட்டி பெயர், தொகை எழுத இடம் தாராளம். என்னைப் போல அடிக்கட்டையை வைத்தே மாதக் கணக்கை டேலி செய்பவர்களுக்கு அது பெரிய விஷயம். அடித்துத் திருத்திய செக் சிடிஎஸ்ஸில் செல்லாது. தேதியை மறுபடி உறுதிசெய்யும் திருத்தத்துக்கு மட்டும்தான் விதிவிலக்கு. எனவே ஒரு எழுத்து பிசகினாலும் அந்தத் தாளைக் கிழித்து, எண்ணை அடிக்கட்டையில் ரத்து என்று குறித்துவிடுகிறேன். புது செக் புக்கை ஆப்பில் கேட்டால் போதும். அதைக் கொண்டுவரும் கூரியர்காரருக்குத்தான் எங்கள் சந்து கிடைப்பதில்லை. ஆள் இல்லை என்று எழுதித் திருப்பிவிடுவார், தையல் மெஷின் சத்தம் மெயின் ரோடு வரை கேட்டுக்கொண்டிருக்கும்போதே! இப்போது கிளையிலேயே வந்து வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆப்பில் எனக்குப் பிடித்தது பாசிட்டிவ் பே. 2021 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு இது. 50,000 ரூபாயிலிருந்து செக் கொடுத்தால் எண், தேதி, யாருக்கு, எவ்வளவு என்பதை முன்கூட்டியே வங்கிக்குச் சொல்லிவைக்கலாம். வரும் செக் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். 5 லட்சத்திலிருந்து வங்கிகள் கட்டாயமாக்கலாம். சொல்லிவைக்காத செக்கில் தகராறு வந்தால் சிடிஎஸ் அமைப்பின் தீர்வு முறையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால், தோல்காரருக்குப் போகும் பெரிய செக் ஒன்றையும் நான் விடுவதில்லை. பக்கம் மட்டும் ஆப்பில் 'இதர சேவைகள்' என்பதற்குள் ஒளிந்து கிடக்கிறது. கடன் விளம்பரத்துக்கு முதல் திரை, இதற்கு நான்காவது திரை.

2025 அக்டோபர் 4-க்குப் பிறகு செக் எழுதுகிற எவரும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முன்பு செக்குகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்புவார்கள், பணம் ஏற அடுத்த நாள், அதற்கடுத்த நாள் ஆகும். இப்போது காலை 9 முதல் பிற்பகல் 3 வரை வரவர ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். பணம் கொடுக்க வேண்டிய வங்கி மாலை 7 மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்றே கொள்ளப்படும். நமக்கு வரும் செக்குக்கு இது வரப்பிரசாதம். நாம் கொடுத்த செக்குக்கோ, இன்று கொடுத்துவிட்டு நாளை பணம் கட்டிக்கொள்ளலாம் என்ற பழைய சௌகரியம் போயிற்று. இந்த விஷயத்தில் எங்கள் வங்கி உருப்படியாக நடந்துகொள்கிறது: செக் வந்து சேர்ந்த உடனேயே, பணம் எடுக்கும் முன்பே, எஸ்எம்எஸ் வந்துவிடுகிறது. தம்பி வசூலுக்குப் போயிருந்தால் போன் போட்டுச் சொல்ல நேரம் கிடைக்கும்.

பார்ட்டியின் செக் பவுன்ஸ் ஆனால் எப்படி? அங்கே கிளை சொதப்புகிறது. செக் திரும்பிய தகவல் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அப்புறம் பார்ட்டிக்கு 15 நாள் அவகாசம், அதிலும் தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு இப்படி நாளை எண்ணிக்கொண்டிருக்கும்போது, செக் ஏன் திரும்பியது என்று வங்கி எழுதித் தரும் ரிட்டர்ன் மெமோவுக்காக கவுண்டருக்கும் மேனேஜர் அறைக்கும் அலையவிடுகிறார்கள். நம்மிடம் பிடிக்கும் ரிட்டர்ன் சார்ஜ் மட்டும் ஜிஎஸ்டியோடு அன்றே கழிந்துவிடும்.

இன்னொரு எரிச்சல், எல்லாவற்றையும் டிராப் பாக்ஸில் போடச் சொல்வது. லட்ச ரூபாய் செக்கை ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு வெறுங்கையோடு வர எனக்கு மனம் வராது. கவுண்டரில் கொடுத்தால் கிளை ரசீது தந்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைச் சொன்னேன். "சரிக்கா, கொடுங்க" என்று சீல் குத்தினார் அங்கிருந்த நம் ஊர்ப் பையன். இப்போது கேட்காமலே குத்துகிறார்.

ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று ஒருவர் உண்டு. இன்சூரன்ஸ் விற்பதற்கு மட்டும் போன் வரும், அதோடு சரி.

ரொக்கம் கட்ட மாத வரம்பு குறைவு, தாண்டினால் கட்டணம். வாரச் சந்தைக்குச் சரக்கு விற்பவர்கள், கையில் நோட்டாக வாங்குபவர்கள் இந்தக் கணக்கின் பக்கமே போக வேண்டாம். எங்களைப் போல செக்கிலும் நெஃப்டிலும் ஓடும் பட்டறைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ரொக்கத்துக்கென்று பழைய அரசு வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருக்கிறோம். அரை மதிப்பெண் அங்கே போய்விட்டது. மெமோவை அன்றன்றே கையில் கொடுத்தால் நாலு ஆக்கிவிடுகிறேன்.