கடை டிவியில் தெரிந்த படம் கார்டில் இல்லை

மட்டக்களப்பு டவுனில் செகண்ட் ஹேண்ட் வீடியோ கெமரா வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக "அன்கம்பிரஸ்ட்" (படத்தைச் சுருக்காமல் அப்படியே பதிவது) என்ற சொல்லைக் கேட்டு ஆசைப்பட்டுப் போகிறவர்கள், காசை எண்ணிக் கொடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கள். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன், கேட்கவும் வேண்டாம். எனக்குப் போனது ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம் ரூபாய், பிறகு இன்னொரு ஆறாயிரத்து ஐந்நூறு. அந்த இரண்டாவது ஏமாற்றம்தான் இன்னும் சுடுகிறது.

நான் கலியாணம், சாமத்தியச் சடங்கு எடுக்கிற ஆள். ஊர் படுவான்கரை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். வருஷத்தில் ஒரு தடவை எங்கள் ஊர்க் கூத்து அரங்கேற்றமும் எடுப்பேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. போன தடவை எடுத்த வடமோடிக் கூத்தை, அதைப் பழக்குகிற அண்ணாவியார் வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மகன், என்ட காலெங்க?" என்றார். உண்மைதான், கால் இல்லை. ராசா வேஷத்தில் அவர் சுழன்று ஆட, கரப்புடுப்பில் பதித்த கண்ணாடித் துண்டுகள் எல்லாம் லைட்டில் மின்ன, களரியில் மண் வேறு கிளம்ப, படம் சதுரம் சதுரமாக உடைந்து போயிருந்தது. இளம் பொடியன்களுக்கு ஆட்டம் பழக்கத்தான் அவருக்கு வீடியோ தேவை. தாளக்கட்டுக்குக் கால் எப்படி விழுகிறது என்று தெரியாவிட்டால் அதை வைத்து என்ன செய்வது?

இது ஏன் நடக்கிறது என்றால், சாதாரண கெமரா ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவதில்லை. இடைக்கிடை ஒன்றைத்தான் முழுதாக எழுதும், மற்றவற்றில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறியதை மட்டும்தான் எழுதுகிறது. மணவறையில் மாப்பிள்ளை சும்மா இருக்கும்போது அது போதும். கூத்தில் ஒரே நேரத்தில் எல்லாமே மாறுகிறது, எழுதக் கிடைக்கிற அளவுக்குள் அடங்காது, உடைகிறது. கனடாவில் இருக்கிற மச்சான் "அப்ப அன்கம்பிரஸ்டா எடுக்கிற கெமரா பாரு" என்றான். அவ்வளவுதான், அந்தச் சொல் மண்டைக்குள் ஏறிவிட்டது.

மண்முனைப் பாலம் தாண்டி டவுனுக்குப் போனேன். கடை முதலாளி நல்ல மரியாதையான ஆள், பிளேன்டீ எல்லாம் எடுப்பித்துத் தந்தார். "தம்பி, இது அன்கம்பிரஸ்ட் சாமான், நான் பொறுப்பு" என்று சொல்லிக் கெமராவை எச்டிஎம்ஐ வயரால் பெரிய டிவியில் கொழுவி, லென்ஸை வீதிப் பக்கம் திருப்பினார். ஓடுகிற ஆட்டோவின் நம்பர் தகடு வரை கண்ணாடி மாதிரித் தெரிந்தது. நான் விழுந்த இடம் அதுதான். டிவியில் நான் பார்த்தது பதிவே இல்லை, கெமரா அந்த நிமிஷம் பார்க்கிற லைவ் படம். எச்டிஎம்ஐ வழியாக வருவது உண்மையாகவே சுருக்காத படம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் கார்டில் எழுதப்படுவது வேறு. ஒரு நிமிஷம் ரெக்கோர்ட் பண்ணி அதைத் திருப்பிப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, அவரும் தானாகக் காட்டவில்லை.

அரங்கேற்றம் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும் வரை போனது. 64 ஜீபி கார்ட் போட்டிருந்தேன், விடியப்புறம் மூன்று மணிக்குத்தான் நிறைந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும், ஆனால் நான் "நல்ல சாமான், கார்டை மெதுவாகத் தின்னுது" என்று சந்தோஷப்பட்டேன்! கணக்கு இதுதான்: ஃபுல் எச்டி என்றால் 1920 × 1080, ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளி. 8 பிட், 4:2:2 (நிறத்தின் விவரத்தைப் பாதியாக வைக்கிற முறை) என்று எடுத்தால் புள்ளிக்கு 2 பைட், செக்கனுக்கு 25 படம். பெருக்கினால் செக்கனுக்கு 103.7 மெகாபைட், நிமிஷத்துக்கு 6.2 ஜீபி, மணிக்கு 373 ஜீபி. அன்கம்பிரஸ்ட் என்றால் என் கார்ட் பத்து நிமிஷத்தில் நிறைந்திருக்கும், விடிய விடிய ஆடுகிற கூத்துக்கு 3 டெராபைட் (3000 ஜீபி) வேண்டும். எஸ்டி கார்டில் வி90 என்று போட்டிருப்பதே செக்கனுக்கு 90 மெகாபைட்டுக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. இந்த விலைக்கு விற்கிற ஒரு கையடக்கக் கெமரா சாதாரணக் கார்டில் இதை எழுதும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தேன். ஏவிசி (மாறியதை மட்டும் எழுதிச் சுருக்குகிற முறை), நிறத்தை இன்னும் குறைத்த 4:2:0, செக்கனுக்கு 24 மெகாபிட் (எட்டு பிட் ஒரு பைட்). அதாவது 2006 இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏவிசிஎச்டி என்ற பதிவு முறை. நிமிஷத்துக்கு 180 மெகாபைட், சுருக்காததில் முப்பத்துநான்கில் ஒரு பங்குகூட இல்லை. அண்ணாவியாரின் கால் இந்த முறையும் இல்லை.

திரும்பப் போனேன். முதலாளி கொஞ்சமும் தடுமாறவில்லை. "கார்டில வராது தம்பி, எச்டிஎம்ஐயாலதான் வரும், இதைக் கொழுவுங்க" என்று எச்டிஎம்ஐ படத்தை லேப்டொப்பில் பதிய வைக்கிற பெருவிரல் அளவு கப்சர் சாமான் ஒன்றை ஆறாயிரத்து ஐந்நூறுக்குத் தந்தார். நானும் வாங்கினேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அது யூஎஸ்பி 2.0. அந்த வழியால் கணக்குப்படி போகக்கூடிய உச்சமே செக்கனுக்கு 60 மெகாபைட், 103.7 எப்படிப் போகும்? அதனால் அந்தச் சாமான் உள்ளுக்குள்ளேயே ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காகச் சுருக்கித்தான் லேப்டொப்புக்கு அனுப்புகிறது. போதாததற்குப் படத்தின் மூலையில் பற்றரி அடையாளமும் சிவப்புப் புள்ளியும் சேர்ந்து பதிவாகின. மெனுவுக்குள் தோண்டி அந்த டிஸ்ப்ளே அவுட்புட்டை நிறுத்த முடிந்தது, ஆனால் எல்லாக் கெமராவிலும் அது முடியாது, வாங்க முதல் பார்க்க வேண்டிய ஒன்று.

மூன்றாம் தடவை போனபோது பில்லைக் காட்டினார். கையால் எழுதிய பில். "வீடியோ கெமரா 1" என்று மட்டும் இருந்தது. அன்கம்பிரஸ்ட் என்ற சொல்லே இல்லை. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் அடிக்கலாம்தான், ஆனால் வாயால் சொன்னதை எதை வைத்துக் காட்டுவது? ஆகவே கடைக்காரர் என்ன பெருமை சொல்கிறாரோ அதை அப்படியே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது. கூடவே உங்கள் சொந்தக் கார்டைக் கொண்டுபோய், வீதியில் ஓடுகிற வாகனங்களை ஒரு நிமிஷம் ரெக்கோர்ட் பண்ணி ஃபைல் எத்தனை மெகாபைட் என்று அங்கேயே பாருங்கள்.

உண்மையாகவே நல்ல பதிவு வேண்டுமென்றால், எழுத்து அடையாளம் இல்லாத சுத்தமான எச்டிஎம்ஐ வருகிற கெமரா ஒன்றும், எஸ்எஸ்டியில் (வேகமாக எழுதுகிற டிஸ்க்) எழுதுகிற தனி ரெக்கோர்டர் ஒன்றும் வேண்டும். எச்டிஎம்ஐக்குப் பதிலாக எஸ்டிஐ (தொழில்முறைக் கெமராக்களில் இருக்கிற வீடியோ வயர் வழி) இருந்தால் இன்னும் நல்லது, அந்த வயர் திருகிப் பூட்டிக்கொள்ளும், சனக்கூட்டத்தில் யாராவது தட்டினாலும் கழராது. அந்த ரெக்கோர்டர்களிலும் பல புரோரெஸ் (அப்பிளின் வீடியோ சுருக்கும் முறை) மாதிரிச் சுருக்கித்தான் எழுதுகின்றன, ஆனால் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சுருக்குவதால் சுழன்றாலும் உடையாது. புரோரெஸ் 422 என்றால் 25 படத்துக்கு செக்கனுக்கு 122 மெகாபிட், மணிக்கு 55 ஜீபி. ஒரு டெராபைட் எஸ்எஸ்டியில் முழுக் கூத்தும் அடங்கும். சொல்லப்போனால் எனக்கு அன்கம்பிரஸ்ட் தேவையே இருக்கவில்லை. மச்சானும் எங்கேயோ கேட்ட சொல்லைத்தான் எனக்குச் சொன்னான்.

கெமராவை இப்போது விற்கப் போட்டிருக்கிறேன். கேட்டு வருகிறவர்களிடம் இது ஏவிசிஎச்டி, 24 மெகாபிட், கார்டில் வேறொன்றும் வராது என்று முதலே சொல்லிவிடுகிறேன். அதனால்தானோ என்னவோ, இதுவரை தொண்ணூறாயிரத்துக்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை.