செங்கோட்டையில் பழைய மலையாளப் பத்திரம் படித்துத் தரும் கடை

சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில், பழைய மலையாளப் பத்திரங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துத் தரும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. ஜெராக்ஸ் இயந்திரம் போக இரண்டு நாற்காலிக்குத்தான் இடம். வெளியூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியாது. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எங்கள் தாத்தா வாங்கிய நிலத்தின் பத்திரம் மலையாளத்தில்தான் இருக்கிறது.

வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கி வழக்கறிஞர், "டைட்டிலை, அதாவது நில உரிமையை, டிரேஸ் செய்ய வேண்டும், மூலப்பத்திரம் கொண்டு வாருங்கள்" என்றார். வில்லங்கச் சான்று போதாதா என்றேன். போதாதாம். வில்லங்கம் பார்ப்பது 'சர்ச்': அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே என்ன பதிவாகியிருக்கிறது என்று பதிவேட்டில் தேடுவது. 'டிரேஸ்' என்றால், என் பெயரில் உள்ள நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது, அதற்கு முன் யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்று ஒரு கண்ணியும் விடாமல் பின்னால் போய் மூலத்தைத் தொடுவது. நடுவில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லையென்றால் சங்கிலி அறுந்துவிடும்.

கடைக்காரப் பெரியவரின் திறமை தேதியில் தெரிந்தது. எங்கள் பத்திரத்தில் மலையாள நாட்காட்டிப்படி கொல்லம் ஆண்டு 1117, தனு 20 என்று இருந்தது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால் ஆங்கில ஆண்டுக்கு மாற்ற டிசம்பர் முடியும் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் 825. தனு என்பது நம் மார்கழி. இரண்டு ஆண்டிலும் கால் வைத்திருக்கும் மாதம். அவர் விரல்விட்டு எண்ணி, "1942 ஜனவரி முதல் வாரம்" என்றார். பிறகு பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சரிபார்த்த பின்தான் தேதியை எழுதினார். 1971 மலையாள எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்துகளையும் தயங்காமல் வாசிக்கிறார். திருவனந்தபுரத்தில் படித்த என் மருமகளே அந்தப் பக்கங்களைப் பார்த்துக் கையை விரித்திருந்தாள்.

ஆங்கிலப் பிரதிதான் சுமார். உரிமையின் மூலம் முதலில் விற்றவரிடம் போய்ச் சேர்கிறது என்று வரவேண்டிய இடத்தில், தட்டச்சு செய்யும் பையன் 'டிரேஸ்டு பை' என்று அடித்திருந்தான். அப்படியென்றால் அவரே தேடிக் கண்டுபிடித்தார் என்றாகிவிடும். 1942இல் விற்றுவிட்டுப் போனவர் இப்போது எழுந்து வந்தா தேடுவார்? 'டிரேஸ்டு பேக் டு' என்று மாற்றச் சொன்னேன். முகம் சுளிக்காமல் மாற்றினான்.

கட்டணம் பக்கக் கணக்கு. முன்பணம் உண்டு, ரசீதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முகூர்த்த நாளில் போகாதீர்கள், பதிவுக்கு வரும் கூட்டத்தில் பெரியவரிடம் பேசவே முடியாது. அசலை அங்கே விட்டு வர வேண்டியதில்லை, ஜெராக்ஸ் போதும். மை மங்கிய பக்கங்களுக்கு மட்டும் அசலைக் காட்டி, கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.